கிரானைட் சேறு இறங்கிய கண்மாயில் சம்பு மட்டும் செழிப்பது ஏன்?

வினா: உள்வாய்க்காரன் (மேலூர் வட்டம்)

எங்கள் ஊர்க் கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால், ஒரு காலத்தில் கிரானைட் வெட்டிய குவாரி ஒன்றையும் அதையடுத்த கல்லறுப்புப் பட்டறையையும் ஒட்டி வருகிறது. பட்டறையை மூடிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டாலும், கல்லை அறுத்தபோது குவித்து வைத்த வெண்பொடி மேடு இன்னும் அங்கேயே கிடக்கிறது. ஒவ்வோர் ஐப்பசியிலும் முதல் பெருமழைக்கு அது கரைந்து, நீர்மோர் நிறத்தில் கண்மாய்க்குள் இறங்குகிறது. யார் குவித்தது, யார் அள்ள வேண்டும் என்ற வழக்கைப் பேச இங்கு வரவில்லை. என் கேள்வி செடிகளைப் பற்றியது.

நான் பள்ளியில் படித்த நாளில் உள்வாயில், அதாவது கண்மாயின் நீர் நிற்கும் பரப்பில், அடியில் வேலம்பாசி கிடக்கும். நடுவில் அல்லி பூக்கும். கரையோரம் கோரையும், வாள்போல் நீண்ட இலையும் பஞ்சுக் கதிரும் உள்ள சம்பும் இருக்கும். தண்ணீர் வற்றும்போது கொட்டிக்கிழங்கு தோண்டி அவித்துத் தின்றிருக்கிறோம். இப்போது வரத்துக்கால் வாயிலிருந்து சுமார் 200 அடி தூரத்துக்குச் சம்பைத் தவிர வேறொன்றும் இல்லை. அது ஓர் ஆள் உயரத்தையும் தாண்டி, காற்றுக்கூடப் புகாத அடர்த்தியில் நிற்கிறது. வேலம்பாசி கண்ணிலேயே படவில்லை. அல்லி மடைப்பக்கமாக ஒதுங்கிவிட்டது.

இதை வைத்து ஊரில் இரண்டு கட்சி. சம்பு நஞ்சை உறிஞ்சி நீரைச் சுத்தம் செய்கிறது, ஆகவே அதைத் தொடக்கூடாது என்பது இளைஞர்களின் வாதம். சம்பு மண்டுவதே கண்மாய் கெட்டதற்கு அடையாளம், வேரோடு பிடுங்கிவிட வேண்டும் என்பது பெரியவர்களின் வாதம். மற்றச் செடிகளைக் கொன்ற சேற்றில் இது மட்டும் எவ்வாறு பிழைக்கிறது? உண்மையில் அது நீரைச் சுத்தப்படுத்துகிறதா? அந்த ஓரத்தில் முளைக்கும் பொன்னாங்கண்ணியையும் வள்ளைக்கீரையையும் பறித்துச் சமைக்கலாமா? வைகாசியில் வண்டல் அள்ள அனுமதி கேட்டு மனுக் கொடுத்திருக்கிறோம். அந்த வண்டலை வயலுக்குப் போடலாமா என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: செடிகொடி டீச்சர் (தாவரவியல் ஆசிரியை, ஓய்வு, மதுரை)

தம்பி, உங்கள் கண்மாயில் நடந்திருப்பதில் இரண்டு செய்திகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று வெளிச்சத்தையும் சேற்றையும் பற்றியது. மற்றொன்று உலோகத்தைப் பற்றியது. கிரானைட் பொடியைப் பொறுத்தவரை முதலாவதே பெரிது. ஆனால் சுரங்கம் என்றதும் எல்லாரும் இரண்டாவதையே பேசுகிறார்கள்.

வேலம்பாசி முழுக்க நீருக்குள் வாழும் செடி. கலங்கிய நீரில் அதற்கு வெளிச்சம் எட்டாது. எட்டாவிட்டால் அது பட்டினியால் சாகும். அத்துடன் இலையின் மேல் மாவுபோல் பொடி படிந்தால், மிச்சமிருக்கும் வெளிச்சமும் போய்விடும். அல்லிக்கு இலை மேலே மிதப்பதால் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் அதன் கிழங்கிலிருந்து கிளம்பும் இளந்தளிர் கலங்கலைத் தாண்டி மேலே வந்து சேர வேண்டும். ஆண்டுதோறும் புதுச்சேறு மூடினால் கிழங்கு ஆழத்தில் புதைந்துகொண்டே போகும். சம்புக்கு இந்தக் கவலை இல்லை. அதன் வேர்த்தண்டு மண்ணுக்குள்ளேயே பக்கவாட்டில் ஓடி, புதைந்த இடத்திலிருந்தே முளையை மேலே தள்ளும். முந்தைய ஆண்டு சேர்த்த மாவுப்பொருள் அதில் இருப்பதால், வெளிச்சம் காணும்வரை கையிருப்பில் பிழைத்துக்கொள்ளும். மேலும், ஒரு கதிரில் லட்சத்துக்கும் மேற்பட்ட விதைகள் பஞ்சோடு பறக்கின்றன. அவை முளைப்பதற்கு வேண்டியது, போட்டிக்கு வேறு செடி இல்லாத ஈரச்சேறு. வரத்துக்கால் வாயில் அந்த நாற்றங்காலை ஆண்டுதோறும் புதிதாகப் போட்டுக் கொடுப்பது உங்கள் பொடி மேடுதான்.

இனி மூச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாமரைத் தண்டை ஒடித்து, ஒரு முனையை நீருக்குள் வைத்து மறுமுனையில் ஊதிக் குமிழி விட்டு விளையாடாத பிள்ளை நம் பக்கத்தில் இருக்க முடியாது. அந்தத் துளைகள் வெறும் பொந்துகள் அல்ல, காற்றுக் குழாய்கள். சம்பின் இலையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தாலும் தேனடைபோல் அறை அறையாக இருப்பதைக் காணலாம். ஆக்சிஜனே இல்லாத கருஞ்சேற்றில் வேர் உயிர்வாழ்வதற்கு இலையிலிருந்து இந்த அறைகள் வழியே காற்று கீழே இறங்குகிறது. இறங்கிய ஆக்சிஜன் முழுவதும் வேருக்கே செலவாவதில்லை. ஒரு பகுதி வேரின் நுனிப்பக்கமாகக் கசிந்து வெளியேறுகிறது. உலோகத்தோடு செடி நடத்தும் விவகாரம் அந்தக் கசிவில்தான் தொடங்குகிறது.

ஆக்சிஜன் இல்லாத சேற்றில் இரும்பு கரைந்த நிலையில் இருக்கும். வேரை நெருங்கும்போது அந்த இரும்பு, கசிந்து வரும் ஆக்சிஜனைச் சந்தித்துத் துருவாக மாறி வேரின் மேலேயே படிகிறது. ஒரு சம்பைப் பிடுங்கிக் கழுவிப் பாருங்கள். வேர்கள் செம்மண் கரைசலில் தோய்த்தெடுத்தவைபோல் இருக்கும். நெல்லின் வேரிலும் இதே பூச்சைக் காணலாம். காரீயம், துத்தநாகம், ஆர்செனிக் போன்றவை இந்தத் துருப்பூச்சில் ஒட்டிக்கொண்டு, வேருக்குள் நுழையும் முன்பே பெருமளவில் தடுக்கப்படுகின்றன. அதையும் மீறி நுழைவதற்கு வேரின் உட்புறத்தில் இன்னொரு காவல் இருக்கிறது. மையக் குழாய்களைச் சுற்றி நிற்கும் செல் வரிசையில், செல்களுக்கு இடையிலான சந்து மெழுகு போன்ற பொருளால் அடைக்கப்பட்டிருக்கிறது; ஆகவே எதுவும் செல்லுக்குள் புகுந்துதான் அப்பால் போக முடியும். அங்கே வந்து சிக்கும் காட்மியம் போன்றவற்றைப் பிடித்துக் கட்டுவதற்குச் செடி தானே கந்தகம் நிறைந்த குறும்புரதங்களைத் தயாரித்து, கட்டிய மூட்டையைச் செல்லின் நடுவிலுள்ள நீர்ப்பைக்குள் தள்ளி அடைத்துவிடுகிறது. செடிகளில் இந்தக் குறும்புரதங்களை 1985இல் ஜெர்மானிய அறிவியலாளர்கள் முதலில் பிரித்தெடுத்தது, நம் மருந்துச்செடியான சர்ப்பகந்தாவின் செல்களிலிருந்து என்பது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி.

இவ்வளவுக்கும் பிறகு மேலே இலைக்குப் போய்ச் சேர்வது கொஞ்சம்தான். சம்பிலும் நாணலிலும் உலோகம் வேரில் மிகுதியாகவும், வேர்த்தண்டில் குறைவாகவும், இலையில் இன்னும் குறைவாகவும் இருப்பதே வழக்கம்.

சுரங்கம் வந்த பிறகு இந்தச் செடி இவற்றையெல்லாம் கற்றுக்கொண்டதாக எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பாமர்டன் என்ற ஊரில் துத்தநாக உருக்காலை ஒன்று இருந்தது. அதன் அருகே நஞ்சேறிய மண்ணில் வளர்ந்த சம்பையும், தூய மண்ணில் வளர்ந்த சம்பையும் ஒப்பிட்ட ஆய்வு 1974இல் வெளியானது. இரண்டும் உலோகத்தை ஒரே அளவில்தான் தாங்கின. பிரிட்டனின் பழைய சுரங்கக் கழிவுமேடுகளில் வளரும் புல்லின் கதை வேறு. அங்கே தாங்கும் திறனுள்ள தனி வழித்தோன்றல்கள் சில தலைமுறைகளிலேயே உருவாகிவிட்டன. மேட்டு நிலத்துப் புல்லுக்கு உலோகம் புதிய எதிரி. சம்போ, கரைந்த இரும்பும் மாங்கனீசும் நிறைந்த சேற்றிலேயே பரம்பரை பரம்பரையாகக் குடியிருந்து வந்தது. அந்தக் குடித்தனத்துக்கு வேண்டிய ஏற்பாடுகள், பிறகு வந்த சுரங்கக் கழிவுக்கும் பயன்பட்டன என்பதே சரியான விளக்கம்.

மறுமொழி 2: வண்டலும் நீரும் (நீர்வேதியியல் பணி, திருநகர்)

டீச்சர் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் அதிலிருந்து கிடைக்கும் முடிவை யாரும் வெளிப்படையாகச் சொல்லாமல் நழுவவிடக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன். சம்பு பிழைப்பது நஞ்சை உள்ளே விடாமல் இருப்பதால். உள்ளே விடாத செடி நஞ்சை எப்படி உறிஞ்சித் தீர்க்கும்? இளைஞர் கட்சியின் வாதம் இங்கேயே அடிபட்டுப் போகிறது.

அப்படியானால் சுரங்க நீரைச் சதுப்பு நிலங்கள் தெளியவைக்கின்றன என்று உலகம் முழுவதும் சொல்வது பொய்யா என்று கேட்பீர்கள். பொய்யில்லை, ஆனால் அந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்வது சேறு. நிலக்கரிச் சுரங்கங்களிலும் உலோகச் சுரங்கங்களிலும் பைரைட் என்னும் இரும்பு சல்பைடு கனிமம் வெளியே தள்ளப்படுகிறது. அது காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலமாகக் கரையும். சில வகைப் பாக்டீரியாக்கள் அந்த வேகத்தைப் பன்மடங்கு கூட்டும். நீரின் பிஎச் (அமில அளவு; குறையக் குறைய அமிலம் மிகுதி) 3க்கும் கீழே இறங்குவது உண்டு. மேகாலயாவின் ஜெயின்டியா மலைப்பகுதியில் கந்தகம் மிகுந்த நிலக்கரியை எலிவளைபோல் தோண்டியெடுத்ததால் ஆறுகள் இவ்வாறு அமிலமாகி மீனற்றுப் போயின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014இல் அந்தச் சுரங்கமுறைக்குத் தடை விதித்தது. இத்தகைய நீர் சதுப்புக்குள் நுழையும்போது, ஆக்சிஜனற்ற சேற்றில் வாழும் வேறு வகைப் பாக்டீரியாக்கள் சல்பேட்டைச் சல்பைடாக மாற்றுகின்றன. சல்பைடு உலோகத்தைப் பிடித்துக் கரையாத கருந்துகளாகக் கீழே இறக்கிவிடும். அந்தப் பாக்டீரியாக்களுக்கு உணவாவது செடிகளின் உதிர்ந்த இலையும் மக்கிய தண்டும்தான். செடி செய்யும் உதவி பெரும்பாலும் இதுவே: உணவு போடுவது, நீரின் ஓட்டத்தைத் தணித்துத் துகள்களைப் படியவைப்பது, வேரோரம் ஆக்சிஜன் விடுவது. தன் உடம்புக்குள் எடுத்துவைப்பது மிகச் சிறு பங்கு.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் மூடப்பட்ட வீல் ஜேன் என்ற தகரச் சுரங்கத்திலிருந்து 1992 ஜனவரியில் அமில நீர் பீறிட்டு வந்து, கழிமுகம்வரை செம்மஞ்சளாக்கியது. பிறகு அங்கே நாணல் படுகைகள் அமைத்து நெடுங்காலம் சோதனை நடத்தினார்கள். ஆனால் முழுச்சுமையையும் தாங்குவதற்குச் சுண்ணாம்பு கலந்து சுத்திகரிக்கும் ஆலையைத்தான் கட்ட வேண்டியிருந்தது.

உள்வாய்க்காரர் கவனிக்க வேண்டிய இடம் இனிமேல்தான் வருகிறது. நான் சொன்ன சதுப்புகளெல்லாம் ஆண்டு முழுவதும் நீர் நிற்பவை. நம் கண்மாய் அப்படி அல்ல. சித்திரை, வைகாசியில் வற்றி, மீன்பிடித் திருவிழா முடிந்து, உள்வாயில் ஆடு மேயும். நீருக்கடியில் சல்பைடாகக் கட்டுண்டு கிடந்த உலோகம், சேறு வெடித்துக் காற்று உள்ளே புகுந்ததும் மறுபடி ஆக்சிஜனோடு சேர்ந்து கரையும் நிலைக்கு வந்துவிடும். அடுத்த மழையின் முதல் நீர் அதை எடுத்துக்கொண்டு மடைக்குப் போகும். வேரின் துருப்பூச்சிலும் இதற்கு நேர்மாறான ஒரு பலவீனம் உண்டு. செடி உயிரோடு இருந்து ஆக்சிஜனைக் கசியவிடும்வரைதான் அது நிலைக்கும். செடி செத்து, வேர் நீருக்கடியில் அழுகினால் துரு மறுபடி கரைந்து, ஒட்டியிருந்ததைச் சேற்றிலேயே விட்டுவிடும். ஆகவே ஐரோப்பியச் சதுப்பைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு அதே நம்பிக்கையை மேலூர்க் கண்மாயின் மேல் வைக்க முடியாது.

ஆறுதலான செய்தி ஒன்றும் உண்டு. கிரானைட் என்பது பெரும்பாலும் குவார்ட்ஸ், பெல்ட்ஸ்பார், சிறிது அபிரகம். பைரைட் சுரங்கம்போல் அமிலம் கக்காது. அறுப்புப் பட்டறைக் கழிவு என்பதால் எஃகுத் துகளும், துருவைத் தடுக்கக் கலந்த சுண்ணாம்பும் அதில் இருக்கக்கூடும். அதனால் நீர் சற்றுக் காரத்தன்மை காட்டலாம். வேரின் செந்நிறத்தைப் பார்த்து நஞ்சு என்று பதற வேண்டாம். தூய கண்மாயிலும் அது இருக்கும். அதேபோல் ஓரத்துத் தேங்கிய நீரில் எண்ணெய் மிதப்பதுபோல் பளபளவென்று படலம் தெரிந்தால் ஒரு குச்சியால் கலைத்துப் பாருங்கள்: எண்ணெய் என்றால் சுழன்று மீண்டும் கூடும், இரும்புப் பாக்டீரியாவின் படலம் என்றால் உடைந்த கண்ணாடிச் சில்லுபோல் துண்டு துண்டாக நிற்கும்.

மறுமொழி 3: கலுங்கடி (திருவாதவூர்ப் பக்கம்)

படித்தவர்கள் பேசிய பிறகு நான் பேசுவதற்கு அதிகமில்லை. எங்கள் கண்மாயில் நீர்ப்பாய்ச்சியாக இருந்தவன் என்ற முறையில் இரண்டொரு சொல்.

சம்பை முழுவதும் பிடுங்காதீர்கள். வரத்துக்கால் வாயில் அது வேலிபோல் நிற்பதால்தான் பொடி அந்த 200 அடிக்குள்ளேயே படிகிறது. அதை எடுத்துவிட்டால் அதே பொடி மடைவரை பரவி, மடைக்கண்ணையும் தூர்த்துவிடும். நாங்கள் ஒரு முறை அந்தத் தவறைச் செய்து, இரண்டு ஆண்டு மடை திறக்க முடியாமல் பட்டிருக்கிறோம். அதே நேரத்தில் சம்பு கண்மாய் முழுவதும் ஏறிவிடாமல் எல்லை கட்டவும் வேண்டும். அதற்குப் பிடுங்க வேண்டியதில்லை. எல்லைக்கு வெளியே நிற்பதை நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு சாண் ஆழத்தில் அறுத்துவிட்டால் தானே அழுகிப் போகும். நீருக்கு மேலே அறுத்தால் மறு மாதமே தழைத்து நிற்கும். இது ஏன் என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாது. டீச்சர் காற்றுக் குழாய் என்று எழுதியதைப் படித்தபோதுதான் விளங்கியது. அறுத்த தட்டை நீருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன் வழியே வேருக்குக் காற்று போய்விடுகிறது.

வரத்துக்கால் கண்மாயில் சேரும் இடத்துக்கு முன்னால் ஒரு குழி வெட்டி, பொடியை அங்கேயே நிறுத்தி ஆண்டுதோறும் அள்ளுவது நல்லது. எல்லாவற்றுக்கும் முதலாக அந்த மேட்டைச் சுற்றி ஐப்பசிக்குள் ஒரு வரப்பாவது போடுங்கள். மேடு கரைந்துகொண்டிருக்கும்வரை செடியைப் பற்றி நடக்கும் வழக்குக்கு முடிவே வராது.

மறுமொழி 4: உள்வாய்க்காரன்

மூவருக்கும் நன்றி. எழுதியதைப் படித்தபின் ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்வெட்டியோடு இறங்கினேன். கண்டதைச் சொல்கிறேன்.

வரத்துக்கால் வாயில் ஒரு சம்பை வேர்த்தண்டோடு தோண்டினேன். மேலே ஒரு கையளவுக்கு வெளிர்சாம்பல் பொடி, விரலில் தேய்த்தால் முகத்துக்குப் பூசும் பவுடர்போல் வழுக்கியது; அதன் கீழே பழைய கருவண்டல். கருவண்டலைக் கிளறியதும் அழுகிய முட்டை நாற்றம் வந்தது. நீர்வேதியியல் நண்பர் சொன்ன சல்பைடு இதுவாகத்தான் இருக்க வேண்டும். வேர்த்தண்டு முள்ளங்கிபோல் வெள்ளை. அதிலிருந்து கிளம்பிய மெல்லிய வேர்கள் அனைத்தும் துருச்சிவப்பு. நகத்தால் சுரண்டினால் சிவப்பு உதிர்ந்து உள்ளே வெள்ளை தெரிந்தது. குவாரிப் பக்கமே போகாத பக்கத்து ஊர் ஊருணியிலும் ஒன்றைத் தோண்டிப் பார்த்தேன். அங்கும் அதே சிவப்புத்தான். இதை முதலிலேயே எச்சரித்திருக்காவிட்டால் வேரைப் படம் பிடித்து ஊர் முழுவதும் அனுப்பிப் பீதியைக் கிளப்பியிருப்பேன்.

வெளிச்சத்தையும் சோதித்தேன். எவர்சில்வர் தட்டு ஒன்றில் மூன்று துளையிட்டுக் கயிறு கட்டிப் பரிசலிலிருந்து இறக்கினேன். வரத்துக்கால் பக்கம் ஒரு சாண் இறங்கியதும் தட்டு மறைந்துவிட்டது. மடைப்பக்கம் இரண்டு முழம்வரை தெரிந்தது. அல்லி எந்த இடத்தில் தொடங்குகிறதோ அதே இடத்தில்தான் தட்டும் ஒரு முழத்துக்குமேல் தெரியத் தொடங்குகிறது. இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு விளக்கியிருக்க முடியாது.

இன்னும் ஒரு கேள்வி. அரிட்டாபட்டிப் பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2025 ஜனவரியில் ரத்தானபோது நாங்களும் மேலூரில் வெடி வெடித்தோம். கிரானைட்டுக்கே இந்தப் பாடு என்றால், டங்ஸ்டன் வந்திருந்தால் இந்தச் செடிகள் என்னவாகியிருக்கும்?

மறுமொழி 5: செடிகொடி டீச்சர்

தட்டுச் சோதனைக்கு என் பாராட்டு. இத்தாலியப் பாதிரியார் செக்கி 1865இல் கடலில் வெள்ளைத் தட்டை இறக்கிச் செய்ததும் இதுவே. இன்றும் ஏரி ஆய்வாளர்கள் அதைக் கைவிடவில்லை.

டங்ஸ்டன் வேறு வகையான சங்கடம். காரீயமும் துத்தநாகமும் நேர்மின் அயனிகளாக நீரில் இருக்கும். டங்ஸ்டன் டங்ஸ்டேட் என்னும் எதிர்மின் அயனியாகக் கரைந்து, காரத்தன்மையுள்ள நீரில் எளிதாக நகரும். வடிவத்தில் அது, செடிக்குத் துளியளவு தேவைப்படும் மாலிப்டினம் என்னும் உலோகத்தின் இரட்டைப் பிள்ளை. நைட்ரேட்டைச் செடி பயன்படுத்துவதற்கு வேண்டிய நொதியின் மையத்தில் மாலிப்டினம் உட்கார்ந்திருக்கிறது. அந்த இருக்கையில் டங்ஸ்டன் ஏறிவிட்டால் நொதி உருவத்தில் அப்படியே இருக்கும். வேலை மட்டும் செய்யாது. அந்த நொதியை முடக்கிப் பார்க்க வேண்டிய சோதனைகளில் ஆய்வுக்கூடங்கள் டங்ஸ்டேட்டை வேண்டுமென்றே கலப்பது வழக்கம். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கும் நொதிக்கும் பொதுவாக மாலிப்டினமே அடிப்படை. அசோலாவோடு கூட்டுக்குடித்தனம் நடத்தும் நீலப்பச்சைப் பாசியிலும், உளுந்தின் வேர்முடிச்சிலும் இருப்பது அதுதான்.

ஆக்சிஜனற்ற சேற்றில் நைட்ரேட் நிலைப்பதில்லை. சம்பும் நெல்லும் அங்கே பெரும்பாலும் அம்மோனியத்தையே உணவாகக் கொள்கின்றன. ஆகவே இப்படியொரு நீர் பாய்ந்திருந்தால் கண்மாய்ச் சம்பு பெரிதாக வாட்டம் காட்டியிருக்காது என்பதும், நெல்லறுத்தபின் அதே வயலில் விதைக்கும் உளுந்துதான் முதலில் மஞ்சளாகியிருக்கும் என்பதும் என் கணிப்பு. அதனால்தான் சம்பு பச்சையாக நிற்கிறது, நீர் நன்றாக இருக்கிறது என்று யாரேனும் சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை. தாங்கும் செடி எச்சரிக்கை கொடுக்காது. கண்மாயின் நலத்தை அறிய வேண்டுமானால் முதலில் சாகும் செடியைப் பாருங்கள்; உங்கள் ஊரில் அது வேலம்பாசி.

அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் 193 ஹெக்டேர் பரப்பு 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. பருந்தும் தேவாங்கும் அந்த அறிவிப்பால் புகழ்பெற்றன. அங்குள்ள சுனைகளிலும் கண்மாய்களிலும் இன்னும் வேலம்பாசி தெளிவாகத் தெரிவதை யாரும் படம் எடுப்பதில்லை என்பது என் சிறிய வருத்தம்.

கீரையைப் பற்றி நீங்கள் கேட்டதை மறந்துவிடவில்லை. பொன்னாங்கண்ணியும் வள்ளைக்கீரையும் சம்பைப்போல் வாசலிலேயே தடுத்து நிறுத்தும் குணமுடையவை அல்ல. குறிப்பாக வள்ளைக்கீரை, உலோகத்தை இலைவரை ஏற்றும் என்று பெயர் பெற்றது. கிரானைட் பொடியில் அந்த அபாயம் குறைவாக இருந்தாலும், சோதனை முடியும்வரை வரத்துக்கால் ஓரத்தில் பறிக்க வேண்டாம்.

மறுமொழி 6: வண்டலும் நீரும்

வண்டலைப் பற்றி மட்டும் சொல்லி முடிக்கிறேன். மண்வள அட்டைக்காகச் செய்யும் வழக்கமான பரிசோதனையில் 12 அளவீடுகள் இருக்கும். துத்தநாகம், செம்பு, இரும்பு, மாங்கனீசு அவற்றில் உண்டு. காரீயமும் காட்மியமும் குரோமியமும் கிடையாது. ஆகவே அட்டையில் எல்லாம் சரியென்று வந்தாலும் அது உங்கள் கேள்விக்கு விடை அல்ல. கன உலோகப் பரிசோதனை வேண்டும் என்று தனியாகக் கேளுங்கள். ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியில் விசாரித்தால் எங்கே செய்யலாம் என்று வழிகாட்டுவார்கள். மேல்பொடியையும் அடிக்கருவண்டலையும் ஒன்றாகக் கலந்து கொடுக்காமல் தனித்தனிப் பைகளில் கொடுங்கள்.

சோதனை எப்படி வந்தாலும், வரத்துக்கால் வாயிலுள்ள வெளிர்பொடியை வயலுக்குக் கொண்டுபோகாதீர்கள். அதில் மக்கு இல்லை. பயிருக்குக் கிடைக்கும் சத்தும் இல்லை. நஞ்சே இல்லாவிட்டாலும் அது நனைந்தால் களியாகவும் காய்ந்தால் ஓடாகவும் இறுகி, விதை முளைக்க விடாது. மடைப்பக்கத்து வண்டல்தான் உங்கள் தாத்தா காலத்தில் வயலுக்குப் போன வண்டல்.

மறுமொழி 7: உள்வாய்க்காரன்

நேற்று இரவு கண்மாய்க்கரைக் கோயிலில் கூடிப் பேசினோம். வண்டல் மனுவைத் திருத்தி, மடைப்பக்கம் மட்டும் அள்ளுவதாகவும் வரத்துக்கால் வாயில் 200 அடியைத் தொடுவதில்லை என்றும் எழுதியிருக்கிறோம். கலுங்கடி அண்ணன் சொன்ன குழியை, பொடி மேட்டுக்குக் கீழே வரத்துக்கால் வளையும் இடத்தில் வெட்டுவதாக முடிவு. சம்புக்கு எல்லைக்கல் நட்டு, அதற்கு வெளியே வருவதை நீருக்கடியில் அறுப்பதற்கு இரண்டு கட்சியும் இணங்கிவிட்டன. பைகள் இரண்டும் நாளை ஒத்தக்கடைக்குப் போகின்றன.

கீரை விஷயத்தை, அந்தக் கரையில் நாற்பது ஆண்டுகளாகக் கீரை பறித்து மேலூர்ச் சந்தையில் விற்கும் அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். பிழைப்பில் கைவைக்கிறோமே என்ற கூச்சம்தான். அவர் சிரித்துக்கொண்டே, வரத்துக்கால் பக்கம் பறிப்பதை விட்டுப் பத்து ஆண்டுக்கு மேலாகிவிட்டது என்றார். எத்தனை முறை அலசினாலும் அந்தப் பக்கத்துக் கீரை பல்லில் நறநறவென்று கடிபடுகிறதாம். வாங்கியவர்கள் மறுநாளே வந்து சண்டை பிடித்தார்களாம்.